சிக்னலை ஒட்டி ஒரு மறைவு கேட்: கண்ணுக்கு முன்னால் மூக்கு போகும் இடம்

மதுரையில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவருடையது பதினான்கு வீடுகள் கொண்ட அபார்ட்மெண்ட். பன்னிரண்டடி கேட், நேராக மெயின் ரோட்டில் திறக்கிறது. வெளியே வந்து இடப்பக்கம் 25 மீட்டர் போனால் சிக்னல். இரண்டு பக்கமும் ஆறடி காம்பவுண்ட். வலப்பக்கச் சுவரை ஒட்டி மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ், அதன் நிழலில் ஓர் இளநீர் வண்டி. நடுவில் மீடியன் இருப்பதால் இடப்பக்கம்தான் திரும்ப முடியும். மூன்று மாதத்தில் இரண்டு முறை டூவீலரோடு உரசியாகிவிட்டது. அசோசியேஷன் கூட்டத்தில் ஒருவர் எதிர்ப்பக்கக் கம்பத்தில் குவி கண்ணாடி மாட்டலாம் என்கிறார், இன்னொருவர் கேட்டுக்கு முன்னால் வேகத்தடை போடச் சொல்லலாம் என்கிறார். மூன்றாவது ஆள், “எல்லாம் பார்த்து ஓட்டினால் போதும்” என்று முடித்துவிட்டாராம். இதில் எது சரி என்பது கேள்வி.

சாலைப் பாதுகாப்பு ஆய்வுக்காக இருபது வருடமாக டேப்பும் சாக்பீஸும் தூக்கிக்கொண்டு அலைந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மூன்றாவது ஆள் சொன்னதில் இருந்து தொடங்கலாம். பார்த்து ஓட்ட வேண்டும் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. ஆனால் அந்த இடத்தில் பார்க்கவே முடியாது. முதலில் அதைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வரும்.

காரில் உட்கார்ந்தால் உங்கள் கண் முன் பம்பரில் இல்லை. அதற்கு இரண்டிலிருந்து இரண்டரை மீட்டர் பின்னால் இருக்கிறது. காருக்குக் கார் கொஞ்சம் மாறும். பிரிட்டனில் குடியிருப்புச் சாலைகள் வடிவமைக்கும் வழிகாட்டியில் இதை 2.4 மீட்டர் என்று வைத்திருக்கிறார்கள், நானும் அதையே எடுத்துக்கொள்கிறேன். அதாவது காரின் மூக்கு சாலை விளிம்பைத் தொடும்போது உங்கள் கண் இன்னும் 2.4 மீட்டர் உள்ளே இருக்கிறது. உங்கள் காம்பவுண்டின் வெளிமுகம் தார் விளிம்பில் இருந்து அரை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம் (நம் ஊரில் பெரும்பாலும் அவ்வளவுதான் விட்டிருப்பார்கள்). அப்படியானால் மூக்கு வெளியே எட்டிப் பார்க்கும் அந்த நொடியில் கண் சுவருக்கு 1.9 மீட்டர் பின்னால், சுவருக்குள் சிறை.

வலப்பக்கத் தூணுக்கும் உங்கள் கண்ணுக்கும் பக்கவாட்டில் எவ்வளவு? கேட் பன்னிரண்டடி, அதாவது 3.65 மீட்டர். கார் நடுவாக வந்தால், வலது இருக்கையில் இருக்கும் உங்களுக்கும் தூணுக்கும் ஒன்றரை மீட்டர். இனி பள்ளிக்கூடத்து ஒத்த முக்கோணம்தான். சாலை விளிம்பில் இருந்து ஒரு மீட்டர் உள்ளே ஒரு பைக் வருகிறது என்றால், அது உங்களுக்கு எத்தனை மீட்டர் தூரத்தில் முதன்முதலாகத் தெரியும்? இரண்டே முக்கால் மீட்டருக்கும் குறைவு. பைக் 40 கி.மீ. வேகத்தில் வந்தால் நொடிக்கு 11 மீட்டர் கடக்கும். உங்களுக்குக் கிடைப்பது கால் நொடி. கண் இமைக்கவே அவ்வளவு ஆகும்.

ரோட்டில் வருபவருக்கு வண்டியை நிறுத்த எவ்வளவு தூரம் வேண்டும்? நம் நாட்டுச் சாலை வடிவமைப்புக்கு அடிப்படையான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ், அதாவது ஐ.ஆர்.சி., ஓட்டுநர் பார்த்து உணர்ந்து பிரேக்கில் கால் வைக்க 2.5 நொடி என்று எடுத்துக்கொள்கிறது. அதோடு வண்டி வழுக்காமல் நிற்கும் தூரத்தையும் சேர்த்தால் 40 கி.மீ. வேகத்துக்கு 45 மீட்டர், 50-க்கு 60 மீட்டர், 60-க்கு 80 மீட்டர். உங்களிடம் இருப்பது மூன்று மீட்டர்கூட இல்லை, தேவை 45. இந்த இடைவெளியைக் கவனம் என்ற ஒன்றால் யாராலும் அடைக்க முடியாது. இதுவரை பெரிதாக எதுவும் நடக்காமல் இருப்பதற்குக் காரணம், அந்த வழியாகத் தினமும் போகிறவர்களுக்கு உங்கள் கேட் பழகிவிட்டது. புதிதாக வருகிறவருக்குப் பழக்கமில்லை.

சரி, சுவர் ஒரு பக்கம் இருக்கட்டும். சிக்னல் பக்கத்தில் இருப்பதால் கூடும் ஆபத்துகள் வேறு வகை. இவை டேப்பில் அகப்படாது, நின்று பார்த்தால்தான் தெரியும்.

சிவப்பு விழுந்ததும் வண்டிகள் வரிசையாக நிற்கும். 25 மீட்டரில் ஐந்தாறு கார் நின்றாலே வரிசை உங்கள் கேட்டைத் தாண்டிவிடும். அப்போது உங்களுக்கு நேராக நிற்கும் பஸ்ஸோ லாரியோ, நீங்கள் மூக்கை நீட்டியதைப் பார்த்து, நல்ல மனதோடு கொஞ்சம் இடம் விட்டு, “வாங்க” என்று கை காட்டும். நான் இந்தக் கை காட்டுதலுக்குப் பயப்படுகிற அளவுக்கு வேறு எதற்கும் பயப்படுவதில்லை. ஏனென்றால் ஒருமுறை அதில் விழுந்திருக்கிறேன். மச்சான் வீட்டில் சாப்பிட்டுவிட்டு இதே போன்ற ஒரு கேட்டில் இருந்து வெளியே வருகிறேன். பஸ் டிரைவர் நிறுத்தி, சிரித்து, கை காட்டினார். அவர் முகத்தைப் பார்த்து நானும் தலையாட்டிவிட்டு நகர்த்தினேன். பஸ்ஸுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த நாலடிச் சந்தில் சாப்பாடு கொண்டுபோகும் பையன் ஒருவன் வந்துகொண்டிருந்தான். பம்பரில் இடித்து, வண்டியோடு சாய்ந்தான். முழங்கையில் சிராய்ப்போடு போனது. முதுகில் மாட்டியிருந்த பெட்டி திறந்து யாருடைய மதியச் சாப்பாடோ ரோட்டில் கொட்டி, சாம்பார் என் முன் சக்கரம் வரை ஓடியது. அவன் என்னைத் திட்டவில்லை. “பஸ் மறைவுல நீங்க வர்றது எப்படி சார் தெரியும்?” என்று மட்டும் கேட்டான். என்னிடம் பதில் இல்லை. பஸ் டிரைவர் அதற்குள் பச்சை விழுந்து போய்விட்டார். கை காட்டுகிறவர் தன் வண்டி நிற்கும் என்பதற்கு மட்டும்தான் உத்தரவாதம். அவருக்கு இடப்பக்கம் நுழைந்து வருகிறவனை அவரும் பார்த்திருக்க மாட்டார்.

உங்கள் சிக்னலில் ஃப்ரீ லெஃப்ட் உண்டா என்று எழுதவில்லை. இருந்தால் இது இன்னும் மோசம். மற்ற வரிசைகள் சிவப்பில் நிற்கும்போதும் சுவரை ஒட்டிய இடது வரிசை ஓடிக்கொண்டே இருக்கும். நிற்கிற வண்டிகளைப் பார்த்து “ரோடு நிற்கிறது” என்று மூளை முடிவு கட்டிவிடும். ஓடுவது எது என்று பார்த்தால், உங்கள் மூக்குக்கு முன்னால் இருக்கும் அந்த ஒரே வரிசைதான்.

அப்புறம் நேரம் காட்டும் சிக்னல். பச்சையில் மூன்று, இரண்டு என்று இறங்கும்போது தூரத்தில் வருகிறவர் ஆக்சிலேட்டரை முறுக்குவார். அவர் கண் அந்த எண்ணில் இருக்கும், பக்கத்துச் சுவரில் இருக்காது. அவருடைய வேகம் உச்சத்தில் இருக்கும் இடம், சிக்னலுக்கு 20, 30 மீட்டர் முன்னால். அதாவது உங்கள் கேட். வரிசை இல்லை, ரோடு காலியாக இருக்கிறது என்று நீங்கள் கிளம்புவதும் அதே நொடிகளில்தான்.

இண்டிகேட்டர் குழப்பம் பலர் யோசிக்காத ஒன்று. நீங்கள் வீட்டுக்குத் திரும்பும்போது இடது இண்டிகேட்டர் போடுகிறீர்கள். பின்னால் வருகிறவர் என்ன நினைப்பார்? சிக்னலில் இடது திரும்பப் போகிறார் என்றுதான். நீங்களோ அதற்கு 25 மீட்டர் முன்னாலேயே, அவர் எதிர்பார்க்காத இடத்தில், பிரேக் பிடித்துக் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறீர்கள். கேட் மூடியிருந்தால் முழுதாகவே நிற்கிறீர்கள். பின்னால் இருந்து இடி வாங்குவது இப்படித்தான். இதற்கு மருந்து எளிது: வெகு முன்னதாகவே இடது ஓரம் வந்து, பிரேக் விளக்கு இரண்டு மூன்று முறை எரியும்படி லேசாகத் தட்டித் தட்டி வேகத்தைக் குறையுங்கள். வாட்ச்மேனுக்கு முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். கேட் வெளிப்பக்கம் திறப்பதாக இருந்தால் இந்த வாரமே கொல்லரைக் கூப்பிட்டு உள்பக்கமாகவோ பக்கவாட்டில் நகர்வதாகவோ மாற்றிவிடுங்கள்.

கடைசியாக, இடப்பக்கம். நடுவில் மீடியன் இருக்கும் ரோட்டில், இடப்பக்கம் இருந்து யாரும் வரக் கூடாது. வருவார்கள். யூ டர்ன் அரை கிலோமீட்டர் தள்ளி இருந்தால், சிக்னலில் இருந்து உங்கள் பக்கத்துக் கடைக்கு ராங் சைடில் சுவரை உரசிக்கொண்டு டூவீலர் வரும். நீங்கள் வலப்பக்கமே பார்த்துக்கொண்டு காரை நகர்த்துவீர்கள். நடந்து வருகிறவருக்கும் இதே கதிதான். பள்ளி முடிந்து வரும் பிள்ளைகள் இடப்பக்கம் இருந்து சுவரோரமாக வருவார்கள், பானெட்டை ஒட்டிய உயரம்தான். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் இருசக்கர வண்டியில் போனவர்கள், 19.5 சதவீதம் நடந்து போனவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த வருடம் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு, 64,105. உங்கள் கேட்டில் யார் மாட்டுவார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். கார் கார் மோதல் பற்றி நான் கவலைப்படவே இல்லை.

இனி என்ன செய்யலாம். முதலில் அந்த இரண்டு யோசனைகளையும் முடித்துவிடுகிறேன்.

வேகத்தடை வேண்டாம். ஐ.ஆர்.சி. அளவுப்படி வேகத்தடை என்பது 3.7 மீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டர் உயரம் மட்டுமே எழும் மெல்லிய மேடு, மெதுவாகப் போனால் உலுக்காது, வேகமாகப் போனால்தான் உலுக்கும். நமக்குக் கிடைப்பது என்ன? ஒன்றரை அடி அகலத்தில் ஒரு தார் உருண்டை, வெள்ளை வர்ணம்கூட இல்லாமல். இரவில் தெரியாமல் ஏறிப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்மணி விழுந்தால் அது உங்கள் கேட் வாசலில்தான். சிக்னலுக்கு 25 மீட்டர் முன்னால் அதைப் போட்டால் பச்சையில் வண்டிகள் கடப்பதும் மந்தமாகி, வரிசை இன்னும் நீளும். அசோசியேஷனே ராத்திரியில் ஆள் வைத்துப் போடுவது சட்ட விரோதம், விபத்து நடந்தால் பொறுப்பு போட்டவர் தலையில்.

குவி கண்ணாடி கெட்டதல்ல, ஆனால் நீங்கள் நினைப்பதைச் செய்யாது. குவிந்த கண்ணாடியில் எல்லாம் சிறியதாக, தள்ளி இருப்பதாகத் தெரியும். பக்கத்தில் வந்துவிட்ட பைக் இன்னும் தூரத்தில் வருவதாகத் தோன்றும், வேகமும் பிடிபடாது. ராத்திரி முகப்பு விளக்கு பட்டால் ஒரே வெளிச்சப் புள்ளி. “ஏதோ வருகிறது” என்று சொல்ல உதவும், “எப்போது வரும்” என்று சொல்லாது. ஏதாவது தெரிந்தால் நிற்க மட்டும் பயன்படுத்துங்கள், எதுவும் தெரியவில்லை என்பதை நம்பிக் கிளம்பாதீர்கள். பொதுக் கம்பத்தில் மாட்ட மாநகராட்சியிடம் அல்லது மின்வாரியத்திடம் அனுமதி வேண்டும். உங்கள் மீடியன் ரோட்டில் எதிர்ப்பக்கம் மாட்டினால் நடுவில் நிற்கிற பஸ் அதையும் மறைக்கும். சொந்தச் சுவருக்குள், இடப்பக்கத் தூணில், நடந்து வருகிறவர் தெரிவதற்காக ஒன்று மாட்டலாம். அது உருப்படியான செலவு.

நான் பணம் போடச் சொல்வது சுவரில். வலப்பக்கச் சுவரை, தூணில் இருந்து நான்கு மீட்டர் நீளத்துக்கு, இரண்டடி உயரத்துக்கு இறக்குங்கள். அதற்கு மேல் பாதுகாப்புக்கு இரும்புக் கம்பி வைத்துக்கொள்ளலாம், செங்குத்தாக, இடைவெளி விட்டு. தூணும் கம்பித் தூணாக ஒடுங்கட்டும். சாய்வான கோணத்தில் பார்த்தால் கம்பிகள் ஒன்றோடொன்று சேர்ந்து மறைக்கும் என்பதால் நெருக்கமான கிரில் வேண்டாம், அதன் மேல் கொடி படர விடவும் வேண்டாம். மேலே போட்ட அதே முக்கோணக் கணக்கைத் திரும்பப் போட்டால், பைக் தெரியும் தூரம் இரண்டே முக்காலில் இருந்து பத்து மீட்டரை ஒட்டி வந்துவிடும். கால் நொடி முக்கால் நொடிக்கு மேல் ஆகிறது. ஒரு கொத்தனாருக்கு இரண்டு நாள் வேலை.

இதில் பாதி நன்மை மற்றவருடையது. சுவர் இறங்கினால் நீங்கள் பைக்கைப் பார்ப்பதைவிட, பைக்காரர் உங்கள் காரைப் பார்ப்பதுதான் பெரிய விஷயம். சுவருக்குப் பின்னால் காரின் கூரையும் எரியும் விளக்கும் நகர்வது தெரிந்தால் அவர் தன்னையறியாமல் அரை மீட்டர் வலப்பக்கம் ஒதுங்குவார். மறைவு கேட்டில் நடக்கும் விபத்துக்குப் பிறகு “திடீர்னு வந்துட்டாங்க” என்று இரண்டு பேரும் சொல்வார்கள். இரண்டு பேரும் சொல்வது உண்மைதான்.

ஆனால் பத்து மீட்டர் 45 ஆகாது. 45 மீட்டர் தெரிய வேண்டுமானால் 25 மீட்டர் நீளத்துக்குச் சுவர் இறங்க வேண்டும், அதில் பாதி பக்கத்து வீட்டுக்காரருடையது. அவர் ஏன் இறக்கப் போகிறார்? அதனால் இந்தக் கணக்கை வேறு பக்கம் இருந்து பாருங்கள். சிக்கல் சுவரின் உயரம் மட்டுமல்ல, சுவருக்கும் ஓடும் வண்டிக்கும் நடுவே இடமே இல்லாதது. சுவரின் வெளிமுகத்தில் இருந்து வண்டிகள் ஓடத் தொடங்கும் கோடு வரை 2.4 மீட்டர் இருந்தால், மூக்கு அந்தக் கோட்டைத் தொடும்போது கண் சுவர் வரிசைக்கு வந்துவிடும். சுவர் ஆறடி இருந்தாலும் கவலை இல்லை, இரண்டு பக்கமும் திறந்துவிடும். பழைய ஊர்களில் வீட்டுக்கு முன்னால் திண்ணையும் அதற்கு முன்னால் வாசலும் விட்டுக் கட்டிய தெருக்களில் இந்தச் சிக்கல் வராது, கவனித்திருக்கிறீர்களா?

ஆகவே உங்கள் மனுவில் முதல் கோரிக்கை பிளாட்பாரமாக இருக்கட்டும். நடப்பவர்களுக்கு என்று எல்லோரும் கேட்பார்கள், நீங்கள் ஓட்டுகிறவரின் கண்ணுக்காகவும் கேளுங்கள். ஐ.ஆர்.சி.யின் பாதசாரி வழிகாட்டி நடக்கும் பகுதிக்கே 1.8 மீட்டர் கேட்கிறது, உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. கேட் வரும் இடங்களில் பிளாட்பாரம் இறங்கி ஏறாமல் அதே மட்டத்தில் தொடர்ந்து போக வேண்டும், காருக்குத்தான் சரிவு. அப்போது கார் மெதுவாக ஏறி இறங்கியே ஆக வேண்டும், நடப்பவருக்கு அது தன் வழி என்று தெரியும். இப்போது நாம் செய்வது தலைகீழ்: வீட்டுக்கு வீடு சிமெண்ட் சரிவை ரோடு வரை நீட்டி, நடப்பவரையும் சைக்கிள்காரரையும் நடு ரோட்டுக்குத் தள்ளுகிறோம். உங்கள் கேட்டிலும் அப்படி ஒன்று நீண்டிருந்தால், புகார் எழுதுவதற்கு முன் அதை உடைத்துவிடுங்கள். அதிகாரி வந்ததும் முதலில் காட்டப் போவது அதைத்தான்.

பிளாட்பாரம் கட்ட வருடக்கணக்கில் ஆகலாம். அதுவரை ரோட்டோரம் ஒரு வெள்ளைக் கோடு, அதன் மேல் இடித்தால் வளைந்து நிமிரும் பிளாஸ்டிக் குச்சிகள். ஓடுகிற வண்டியை ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்தாலே மேலே சொன்ன கணக்கு முழுக்க மாறிவிடும். கேட்டுக்கு நேராக மஞ்சள் கட்டம் கேளுங்கள், வண்டி நிற்கக் கூடாத இடம் என்று குறிக்கும் குறுக்குக் கோட்டுப் பெட்டி. சிவப்பில் வரிசை நிற்கும்போது அந்தக் கட்டம் காலியாக இருந்தால் பஸ் மறைவு தொல்லை பெருமளவு குறையும். நம் ஊரில் கட்டத்தை மதிப்பார்களா என்றால், எல்லோரும் மாட்டார்கள். முதல் பஸ் மதித்தால் போதும்.

பில்லர் பாக்ஸை நகர்த்த மின்வாரியத்துக்கு எழுதலாம். செலவை உங்கள் மேல் போடுவார்கள், இருந்தாலும் பதினான்கு வீடு பகிர்ந்தால் தாங்கும். இளநீர்க்காரர் விஷயத்தில் ஒரு வார்த்தை. அவரை விரட்ட வேண்டாம். கேட்டுக்கு இடப்பக்கம் பத்து மீட்டர் தள்ளி, மரம் இருந்தால் அதன் கீழ், நிற்கச் சொல்லுங்கள். மறைப்பது வலப்பக்கம்தான் அதிகம். இன்னொன்று, தினமும் அங்கேயே நிற்கிற அவருக்குத்தான் எத்தனை பேர் எப்போது உரசினார்கள் என்று முழுக் கணக்கும் தெரியும். சந்திப்புக்குப் பக்கத்திலும் ஒரு மனையின் வாசலை மறித்தும் வண்டி நிறுத்துவது விதிப்படி தவறு. எனவே உங்கள் வலப்பக்கம் கார்கள் நிறுத்தப்பட்டால், நோ பார்க்கிங் போர்டு வைப்பதோடு விட்டுவிடாமல், நடவடிக்கை எடுக்கப் போக்குவரத்துக் காவலில் எழுத்தில் கேட்கலாம்.

யாரிடம் போவது? முதலில் ரோடு யாருடையது என்று கண்டுபிடியுங்கள். மாநகராட்சி ரோடா, மாநில நெடுஞ்சாலைத் துறையா, தேசிய நெடுஞ்சாலையா? அதில் தப்பினால் மனு ஆறு மாதம் மேஜை மேஜையாக அலையும். தேசிய நெடுஞ்சாலை என்றால் கவனம்: 2002-ஆம் வருடச் சட்டப்படி அதில் கேட் திறப்பதற்கே அனுமதி வாங்கியிருக்க வேண்டும், உங்கள் பில்டர் வாங்கினாரா என்று முதலில் பாருங்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு ஒன்று ஒவ்வொரு மாவட்டத்திலும் உண்டு, காவல்துறை, நெடுஞ்சாலை, போக்குவரத்து என்று எல்லோரும் ஒரே மேஜையில் உட்காரும் இடம் அதுதான். திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தால் அதை அந்தக் குழுவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 198ஏ பிரிவு, பாதுகாப்புத் தரத்தைப் பின்பற்றாமல் சாலை அமைத்து அதனால் உயிரிழப்போ ஊனமோ ஏற்பட்டால் பொறுப்பான அமைப்புக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. மனுவில் அதை மிரட்டலாக எழுத வேண்டாம், ஒரு வரியில் குறிப்பிட்டாலே போதும். “கேட்டில் விபத்து நடக்கிறது” என்று எழுதிய மனு தூங்கும். “தெரியும் தூரம் 2.7 மீட்டர், தேவை 45 மீட்டர், படம் இணைப்பு” என்று எழுதிய மனு தூங்குவது கடினம்.

நாளைக் காலையில் இருந்து ஓட்டுகிறவர் செய்ய வேண்டியது கொஞ்சம் உண்டு. ரிவர்ஸில் வெளியே வரவே கூடாது. காரின் பின் கண்ணாடியை ஒட்டிய தூண் தடிமன், இருக்கைத் தலையணையும் மறைக்கும், கேமரா நேர் பின்னால்தான் காட்டும், பக்கவாட்டில் வருவதைக் காட்டுவது குறைவு. பிரிட்டிஷ் சாலை விதிநூலிலேயே, வீட்டுக்குள் ரிவர்ஸில் போ, முன்னோக்கி வெளியே வா என்றுதான் இருக்கிறது. உங்கள் அபார்ட்மெண்டுக்குள் திருப்ப இடம் இருந்தால் ரோட்டில் ரிவர்ஸே வேண்டாம், முன்னோக்கிப் போய் உள்ளே திருப்பிக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் யாராவது இரண்டாவது கார் நிறுத்தியிருந்தால் அசோசியேஷன் சண்டை போட வேண்டிய விஷயம் அதுதான், கண்ணாடி அல்ல.

வெளியே வரும்போது கேட்டின் இடது ஓரத்தை ஒட்டி வாருங்கள். வலத் தூணில் இருந்து கண் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு கூடுதலாக வலப்பக்கம் தெரியும். உங்கள் பன்னிரண்டடி கேட்டில் இதனால் ஒரு மீட்டருக்கு மேல் கூடும். சுவரை இறக்கிய பிறகும் இந்தப் பழக்கத்தை விட வேண்டாம். சுவர் வரிசையில் ஒரு முறை முழுதாக நில்லுங்கள், நடப்பவருக்காக. கண்ணாடியை இறக்கி, பாட்டை நிறுத்தி, சின்னதாக ஒரு ஹாரன். பகலிலும் விளக்கு எரியட்டும். பிறகு ஓர் அடி, நிறுத்தம், இன்னொரு அடி, நிறுத்தம். மூக்கை நீட்டி மற்றவர் பார்க்க நேரம் கொடுப்பதுதான் இதில் வித்தை. வலப்பக்கம், காரின் முன் கண்ணாடியை ஒட்டிய தூண் ஒரு பைக்கை முழுதாக விழுங்கிவிடும், ஆகவே கழுத்தை மட்டும் திருப்பாமல் உடம்பை முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். வலம், இடம், மறுபடி வலம். கிளம்பும் நொடியில் இன்னொரு முறை இடம், ராங் சைடுக்காக. யாராவது கை காட்டினால் நன்றி சொல்லிவிட்டு, அவர் வண்டியின் இடப்பக்கச் சந்து தெரியும் வரை நகராதீர்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். சட்டப்படி ரோட்டில் போகிறவருக்குத்தான் முதல் உரிமை, கேட்டில் இருந்து நுழைகிறவர்தான் வழிவிட வேண்டும். ஏதாவது நடந்தால் முதல் கேள்வி உங்களை நோக்கித்தான் வரும்.

வாட்ச்மேனைப் பற்றிக் கடைசியாக. அவரை ரோட்டில் நிறுத்தி “வா வா” என்று கை காட்ட வைக்கிறார்கள். வேண்டாம். அவரும் பஸ் டிரைவர் மாதிரிதான், ஒரு பக்கம்தான் பார்ப்பார், ஓடும் வண்டிகளை நிறுத்த அவருக்கு அதிகாரமும் இல்லை. மினுக்கும் ஜாக்கெட்டும் ஒரு சிவப்புக் கொடியும் கொடுங்கள். அவர் வேலை நிறுத்தச் சொல்வது மட்டும். கொடி இறங்கியிருந்தால் “நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்” என்று அர்த்தம், “வரலாம்” என்று அல்ல. இந்த வித்தியாசத்தைப் பதினான்கு வீட்டுக்காரருக்கும் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

கேட் சிக்னலுக்கு முன்னால் இல்லாமல் தாண்டி இருப்பவர்களுக்கு ஒரு வரி: உங்களுக்குச் சிக்னல் நண்பன். வண்டிகள் கூட்டமாக வந்து ஒரு இடைவெளி விடும், அந்த இடைவெளியைப் பழகிக்கொண்டு கிளம்புங்கள். குறுக்குத் தெருவில் இருந்து இடது திரும்பி வருகிறவர் மட்டும் இடைவெளியில் நுழைவார், அவரை மறக்க வேண்டாம்.

மதுரை நண்பருக்கு: நான் போட்ட கணக்கில் அரை மீட்டர் என்பது என் ஊகம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, ரோடு காலியாக இருக்கும்போது, உங்கள் காரை மூக்கு தார் விளிம்பில் நிற்கும்படி நிறுத்தி நீங்கள் இருக்கையில் உட்காருங்கள். இன்னொருவர் ரோட்டோரமாக, விளிம்பில் இருந்து ஒரு மீட்டர் உள்ளே, ஒரு துடைப்பக் கட்டையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வலப்பக்கமாக நடக்கட்டும். அது மறையும் இடத்தில் சாக்பீஸ் கோடு போட்டு அளந்து, சுவருக்கும் தாருக்கும் உள்ள தூரத்தோடு சேர்த்து எழுதுங்கள். சிக்னலில் ஃப்ரீ லெஃப்ட் உண்டா என்பதையும் சேர்த்து.